யாருடைய சம்பளம்?

கடன் கேட்டுப் போகிறவனிடம் உலகம் முதலில் கேட்கிற கேள்வி, "எவ்வளவு சம்பாதிக்கிறாய்?" என்பதல்ல. "எங்கே வேலை பார்க்கிறாய்?" என்பதுதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாதச் சம்பளக்காரர்கள் அறிய மாட்டார்கள். அறிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. முதல் தேதியானால் பணம் வந்து சேர்கிறது. அதோடு கூடவே, 'இவர் நாணயமானவர்' என்ற நற்சான்றும் வந்து சேர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் வருஷம் முழுவதும் உழைத்துப் பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த நற்சான்றைச் சம்பாதிப்பது எளிதாயில்லை.

தச்சர், தையற்காரர், நாதஸ்வர வித்வான், ஆட்டோ ஓட்டுகிறவர், கதை எழுதுகிறவன் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே பந்தி. அந்தப் பந்தியிலிருந்து ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கும்பகோணத்துப் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. குடியிருக்கப் பிதிரார்ஜித வீடு இருக்கிறது. கையில் பதினைந்து லட்ச ரூபாய் சேர்ந்திருக்கிறது. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறதாம். பாங்கில் கடன் எடுத்து அதை வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே கடனை அடைத்துவிடும். பிறகு கரண்டி பிடிக்கக் கை நடுங்குகிற காலத்தில் மாதச் சம்பளம் போல ஒரு தொகை வந்துகொண்டிருக்கும் என்பது அவர் எண்ணம். அவர் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "நிச்சயமில்லாத வரும்படியை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு வாக்குக் கொடுக்கிறது பொய் சொல்லுகிற மாதிரிதானே?" என்று அந்த அம்மாள் கேட்கிறாராம். இது பொய்யா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

நாவல் எழுதுகிறவனிடம் வீட்டுக் கடனுக்கு யோசனை கேட்பது ஜோஸ்யரிடம் மருந்து கேட்பது போலத்தான். ஆனால் அவர் கேட்டிருப்பது பொய்யைப் பற்றி. அந்தத் தொழிலில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

தர்மத்துக்குப் போகுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டின் விலை 50 லட்சம் என்கிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கு வகுத்திருக்கும் வரம்பு. ஆக, 40 லட்சம் கிடைக்கலாம். மிச்சம் 10 லட்சம் அவருடையது. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவிகிதம். அந்த நாலரை லட்சத்தை வீட்டின் மதிப்போடு சேர்த்துப் பாங்கு கடன் கொடுக்காது. அதுவும் அவர் கையிலிருந்துதான் போக வேண்டும். பதினைந்து லட்சம் அத்துடன் துடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இனிமேல்தான் தவணை. வட்டி எட்டரை சதவிகிதம் என்றும், தவணைக் காலம் இருபது வருஷம் என்றும் வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 34,700 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அந்த வீட்டுக்கு அவர் எதிர்பார்க்கிற வாடகை 15,000. அதாவது வாடகை முழுவதையும் கொண்டுபோய்ப் பாங்கில் கொட்டினாலும் வட்டியில் பாதியைச் சற்றே தாண்டும். அசலில் ஒரு ரூபாய் குறையாது. வாடகை ஏற ஏறவும், அசல் கரையக் கரையவும் இந்த நிலை மெள்ள மாறும் என்பது உண்மை. ஆனால் அதுவரை மாதாமாதம் துண்டு விழுகிற ஏறக்குறைய 19,700 ரூபாயை யார் போடுவது? கல்யாணங்கள்தான் போட வேண்டும். 'வாடகையே கடனை அடைத்துவிடும்' என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். இருபது சதவிகிதம் மட்டும் கைப்பணம் போட்டு வாங்கிய வீட்டில், நம் ஊர் வாடகைக்கும் வட்டிக்கும் உள்ள பொருத்தத்தில், அது அநேகமாக நடப்பதில்லை.

கல்யாணங்களுக்கோ மாதக் கணக்குக் கிடையாது. தையில் ஓய்வில்லை, வைகாசியில் ஓய்வில்லை, ஆவணியில் ஒரே நாளில் மூன்று மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு மூட்ட வேலையில்லை. புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. பாங்கின் பஞ்சாங்கத்தில் இந்த வேறுபாடெல்லாம் இல்லை. அதில் பன்னிரண்டு மாதமும் முகூர்த்தம்தான்.

பாங்குக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரார் போட்ட பணத்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டும் வரிப் பிடித்தச் சான்றும் கேட்கிறார்கள். நம்மிடம் இரண்டு மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கு, லாப நஷ்டக் கணக்கு, பாங்குப் புத்தகத்தின் வரவு செலவு எல்லாம் கேட்கிறார்கள். முன்பு வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்பதற்குச் 'சிபில்' என்று 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் வேறு. என் கதைகளைப் படிக்கிற மானேஜர் ஒருவர் என் காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு, "ஸார், உங்கள் கதாநாயகனுக்குக்கூடக் கடைசி அத்தியாயத்தில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. உங்களுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கடனைக் கொடுத்தார், கேட்டதில் பாதி.

இந்த இடத்தில் கடிதக்காரர் மனவருத்தத்தோடு ஒன்று எழுதுகிறார். தமக்கு உண்மையில் வருகிற லாபம் அதிகமாம். வரிக் கணக்கில் இருப்பதோ மிகக் குறைவாம். பாங்கு கணக்கில் இருப்பதைத்தான் நம்புகிறதாம். சிறு தொழில்காரர்கள் கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு திண்டாடாமலிருக்க அரசு ஓர் உத்தேச முறை வைத்திருக்கிறது. ஒரு வரம்புக்கு உட்பட்ட மொத்த வரவில் குறைந்தது 8 சதவிகிதம், பாங்கு வழியாக வந்த பணத்துக்கு 6 சதவிகிதம், லாபம் என்று காட்டினால் போதும். இது நியாயமான சலுகைதான். ஆனால் 'குறைந்தது' என்ற சொல்லைப் பலர் படிப்பதில்லை. நூற்றுக்கு இருபது கிடைத்தாலும் எட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பிற்பாடு கடன் வேண்டும் என்கிறபோது அந்த எட்டே எதிரே வந்து நிற்கிறது. வீட்டுக் கடனுக்காக மூன்றே மூன்று வருஷம் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு பழைய எட்டுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அம்மாள் பொய்யைத் தேடுவதானால் இந்த அலமாரியை முதலில் திறந்து பார்க்கலாம்.

நிற்க. இருபது வருஷ வாக்கு பொய்யா?

அப்படியானால் உலகத்தில் எல்லா வாக்கும் பொய்தான். சம்பளக்காரருக்கும் நாளை என்பது தெரியாது. கம்பெனி ஆட்குறைப்புச் செய்கிறது, உடம்பு படுத்துக்கொள்கிறது. தெரியாத நாளைக்குக் கொடுக்கிற வார்த்தையைத்தானே வாக்கு என்கிறோம்? தெரிந்ததைச் சொன்னால் அது தகவல். ஆகவே நிச்சயமில்லாமை ஒன்றினால் மட்டும் வாக்கு பொய்யாகிவிடாது. நிச்சயமில்லை என்பதைத் தெரிந்துகொண்டே, அதனால் வரக்கூடிய நஷ்டத்தை, அதை அறியாத இன்னொருவர் தலையில் வைக்கிறபோதுதான் பொய் புகுகிறது.

எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய உதாரணம் ஸர் வால்டர் ஸ்காட். ட்வீட் நதிக்கரையில் 1811-ல் ஒரு பண்ணையை வாங்கினார். அதற்கு அபட்ஸ்ஃபோர்டு என்று பெயர் வைத்து, பக்கத்து நிலங்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டே போனார். பணம் எங்கிருந்து வந்தது? இன்னும் எழுதாத நாவல்களுக்குப் பதிப்பாளர் கொடுத்த முன்பணத்திலிருந்து. 1826-ல் பதிப்பாளரும் அச்சகமும் ஒன்றாகக் கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுனுக்கு மேற்பட்ட கடன் அவர் தலையில் விடிந்தது. அவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை. எழுதி எழுதியே அடைப்பேன் என்று உட்கார்ந்தார். 1832-ல் சாகும் வரை எழுதினார். மிச்சக் கடன் அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய புத்தகங்களின் வருவாயிலிருந்து தீர்ந்தது. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் இங்கே கண் கலங்கி நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்த அச்சகத்தில் ஸ்காட் ரகசியக் கூட்டாளி. அச்சகத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, அதன் பின்னால் நிற்பவர் யார், அவர் எதையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது. எழுதாத நாவலை நம்பிக் கடன் வாங்கியது எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. யார் யார் தம்மோடு சேர்ந்து விழுவார்கள் என்பதை அவர்களுக்கே தெரியாமல் வைத்திருந்தாரே, அதுதான் உறுத்துகிறது.

ஆகையால் கடிதக்காரருக்கு நான் சொல்லக்கூடியது, ஒரு வருஷத் தவணையை, அதாவது நாலு லட்சத்துப் பதினாறாயிரத்தை, தொடாமல் தனியே வைத்துவிட்டுப் பிறகு வீடு வாங்கப் போகலாம் என்பது. நல்ல முகூர்த்த மாதங்களில் அதிலே போட்டு, ஆடியிலும் மார்கழியிலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை இப்போது இல்லையென்றால் சின்ன வீடாகப் பார்க்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சேமநிதியின் இடத்தில் இருப்பது அம்மாளின் வளையல்கள்தாம். நகைக் கடனுக்குச் சம்பளச் சீட்டு வேண்டாமல்லவா? அவருடைய ஆட்சேபம் தர்ம சாஸ்திரத்திலிருந்து மட்டும் வரவில்லை என்று நினைக்கிறேன். தம் கைகளைப் பார்த்துக்கொண்டும் பேசியிருக்கிறார். அது மிகவும் நியாயம்.

இவ்வளவோடு என் பதிலை முடித்திருப்பேன். கடிதத்தின் கடைசியில் இருந்த ஒரு வரி என்னை விடவில்லை. "குடிவருகிறவர் கவர்ன்மெண்ட் உத்தியோகஸ்தராகவோ ஐ.டி. கம்பெனிக்காரராகவோ இருந்தால் தேவலை. தொழில் செய்கிறவர்களை நம்ப முடியாது" என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு பக்கத்துக்கு முன்னால், தொழில் செய்கிறவன் என்பதற்காகப் பாங்கு தம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதைப் பற்றி மனம் நொந்து எழுதிய அதே பேனாதான் இதையும் எழுதியது. இதைப் படித்துவிட்டு அவரைப் பரிகாசம் செய்வது சுலபம். அது சரியாகாது. கணக்குப்படி அவர் சொல்வதில் பிசகே இல்லை. ஐந்தாம் தேதி அவர் பாங்கில் கட்ட வேண்டும் என்றால், முதல் தேதி சம்பளம் வாங்குகிற ஒருவர் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். பாங்கு அவரிடம் கேட்டு அவரால் கொடுக்க முடியாமற்போன ஒன்றை, அவர் குடித்தனக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கப் போகிறார். சம்பளமில்லாதவன் கடன் வாங்கி வாடகை வீடு வாங்குகிறபோது இப்படித்தான் ஆகிறது. ஜாமீன் கையெழுத்துப் போடாமலே ஒரு மனிதர் ஜாமீனாக நிற்கிறார். அவருக்கு வீட்டில் பங்கு இல்லை. விலை ஏறினால் லாபமில்லை. தாம் ஜாமீன் என்பதே அவருக்குத் தெரியாது.

அது தவறா என்றால், தவறு என்று நான் சொல்லமாட்டேன். வாடகைக்கு விட ஒருவர் வீடு வாங்கினால்தான் வாடகைக்கு இருக்கிறவருக்கு வீடு உண்டு. ஆனால் அந்த மனிதருக்கு நாம் ஏதோ கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனுக்குத்தான் தவணைப் புத்தகம் கிடையாது.

முன்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பத்து மாத வாடகை 'அட்வான்ஸ்' என்பது நெடுநாளைய வழக்கம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் கொண்டுவந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. வழக்கம் இன்னும் முழுதும் மாறிவிடவில்லை. பத்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம். மாதாமாதம் 19,700 துண்டு விழுகிற வீட்டுக்காரர் கையில் அந்த ஒன்றரை லட்சம் வந்தால் என்ன ஆகும்? ஏழெட்டு மாதம் கவலையில்லை. அப்புறம் குடித்தனக்காரர் காலி செய்கிறார், பணம் கேட்கிறார். "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுத்ததும் கொடுக்கிறேன்" என்கிற பதிலைக் கேட்காத வாடகைக் குடும்பம் நகரத்தில் உண்டா? அப்படிச் சொல்லுகிற வீட்டுக்காரர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அநேகமாக அவர் ஆடி மாதத்தில் மாட்டிக்கொண்டவர். ஆனாலும் செலவழிந்தது அவருடைய பணம் அல்ல.

அடமானத்தின் சமாசாரம் இதைவிடக் கடுமையானது. தவணை தொண்ணூறு நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக் கடன். 2002-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கு வீட்டைக் கைப்பற்றலாம். உள்ளே இருக்கிறவர் ஒரு மாதமும் தவறாமல் வாடகை கொடுத்திருப்பார். ஒருநாள் ஆபீஸிலிருந்து திரும்பினால் கதவில் காகிதம் ஒட்டியிருக்கும். வீட்டைப் பாங்குக்கு எழுதிக்கொடுத்த பிற்பாடு, பாங்கின் சம்மதமில்லாமல் குடிவைத்தவரின் உரிமைக்கு அங்கே வலு குறைவு. குடிவைக்கும்போதே, "இந்த வீடு பாங்கில் இருக்கிறது, பாங்கின் சம்மதம் வாங்கியிருக்கிறேன், இதோ கடிதம்" என்று சொல்லுகிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்கிறோம், ஆணி அடிக்கக்கூடாது என்கிறோம், மாமிசம் சமைப்பீர்களா என்றுகூடக் கேட்கிறோம். இதைச் சொல்வதில்லை. நான் அந்த வீட்டுக்குக் குடிபோகிறவனாக இருந்தால் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்.

2020-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாடு அடைபட்டது. கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். ஐம்பது பேருக்குச் சமைக்கக் காண்ட்ராக்டர் எதற்கு? அந்தச் சமயத்தில் ரிசர்வ் பாங்கு, தவணைகளை முதலில் மே வரையிலும், பிறகு ஆகஸ்ட் கடைசி வரையிலும் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு, வட்டிக்கு வட்டியாக ஏறியதை அரசு பின்னால் ஏற்றுக்கொண்டது. வீடு வாங்கியவருக்கு இப்படி ஒரு மூச்சு விடுகிற இடைவெளி கிடைத்தது. அந்த வீட்டில் குடியிருந்தவருக்கு? அவருக்கும் வேலை போயிருந்தது, அல்லது பாதிச் சம்பளம். எனக்குத் தெரிந்த ஒருவர், தாமும் மாதச் சம்பளம் இல்லாதவர்தான், தமக்குப் பாங்கு தள்ளிவைத்த மாதங்களுக்கெல்லாம் குடித்தனக்காரருக்கும் பாதி வாடகையைத் தள்ளிவைத்தார். அடுத்த வருஷம் மாதம் ஆயிரம் ஆயிரமாக வாங்கிக்கொண்டார், வட்டியில்லாமல். பாங்கு தம்மிடம் வட்டி போட்டதே என்று நான் கேட்டேன். "அது பாங்கு, நான் மனுஷன் ஸார்" என்று ஏதோ வசனம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசவில்லை. "அவர் காலி பண்ணியிருந்தா அந்த நேரத்துல யார் வந்திருப்பா?" என்றார். தர்மமும் கணக்கும் அவர் வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன.

இனி, தொழில் செய்கிறவரைக் குடிவைக்கலாமா என்பது. கடிதக்காரரிடமே பதினைந்து வருஷமாக வேலை செய்கிற பரிசாரகர் ஒருவர், மகன் படிப்புக்காகத் தாம்பரத்தில் வீடு தேடிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ஆனால் இதுவரை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் இருப்பார். ஒரு தபா போன் செய்து கேட்கலாம். பாங்குப் புத்தகத்தில் பன்னிரண்டு மாத வாடகை எந்தெந்தத் தேதியில் போயிருக்கிறது என்று பார்க்கலாம். ஆடியில் பத்து நாள் தாமதம், ஆவணியில் முன்கூட்டியே என்று இருந்தால், அந்தத் தேதிகளை வேறு யார் புரிந்துகொள்ளாவிட்டாலும் ஒரு கல்யாணச் சமையல்காரர் புரிந்துகொள்வார். வாடகையை மாதாமாதம் என்று எழுதாமல், தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நாலு நாலு மாதத்துக்கு முன்கூட்டியே என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளவும் தடையில்லை. இருவரும் சம்மதித்தால் போதும். அப்படி வாங்குகிற வாடகை, தனியே எடுத்துவைத்த அந்த ஒரு வருஷத் தவணையோடு போய்ச் சேரும். முன்பணத்தை மட்டும் அதில் கலக்காமல், மூன்று மாதத்தோடு நிறுத்தி, வேறொரு கணக்கில் குடித்தனக்காரர் பெயரைக் குறித்துப் போட்டு வைக்கலாம்.